மலிவு டிக்கெட் வந்தது. நம் பங்கு போனது

1953இல் விமானப் போக்குவரத்து அரசுடைமை ஆனது. டிக்கெட் விலை நம் மக்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அரசு நிறுவனம் என்பதால் அதன் வேலைகளுக்குள் இடஒதுக்கீடு நுழைந்தது.

2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் மலிவு விமானங்களைக் கொண்டுவந்தது. 2005இல் ஸ்பைஸ்ஜெட், 2006இல் இண்டிகோ. விலை இறங்கியது, புதிதாக உருவான வேலைகளெல்லாம் தனியார் கையில். அங்கே இடஒதுக்கீடு கட்டாயமில்லை. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் டாட்டாவிடம் போனது.

'தனியார் முதலீடு, அதில் எப்படி உரிமை கேட்பீர்கள்?' என்பார்கள். புதுச்சேரியைப் பாருங்கள் தோழர்களே. இலாசுப்பேட்டை விமான நிலையம் பொதுச் சொத்து. 2013இல் புதிய முனையம் திறந்து, ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறந்தது. அடுத்த ஆண்டே நிறுத்தியது. 2017 ஆகஸ்டில் ஐதராபாத் சேவையோடு திரும்பி வந்தது, உடான் திட்டத்தின் கீழ். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய் உச்சவரம்பில். நிறுவனத்துக்கு விழும் துண்டை உடான் நிதி ஈடுகட்டும். அந்த நிதியில் மாநில அரசுகளின் பங்கும் உண்டு. 2024இல் அந்தச் சேவையும் நின்றது. டிசம்பரில் இண்டிகோ வந்தது.

நிறுவனங்கள் வரும், போகும். ஓடுதளமும் முனையமும் பொதுப் பணத்தில் காத்திருக்கும். நட்டத்தில் பங்கேற்கும் அரசு, வேலையில் பங்கு கேட்கக் கூடாதா? தனியார் துறையில் தலித்துகளுக்குப் பங்கு வேண்டும் என்று 2002 போபால் பிரகடனம் கேட்டது. மானிய ஒப்பந்தத்தில் இடஒதுக்கீட்டை நிபந்தனையாக்கு என்பதே இன்று நம் கோரிக்கை.