அரசாணையிலிருந்து நுழைவுச்சீட்டு வரை: ஹாகியா சோபியா பள்ளிவாசலில் பார்வையாளர் நுழைவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இஸ்தான்புல் நகரிலுள்ள ஹாகியா சோபியா, தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் அருங்காட்சியகமாகவும் இருந்து, 2020 முதல் மீண்டும் பள்ளிவாசலாக விளங்குகிறது. அங்குச் சென்ற பார்வையாளர் யாரிடம் அனுமதி பெற்றார், எங்கு நின்று எவற்றைக் கண்டார் என்னும் வினாக்களின் வழியே இக்கட்டுரை அதன் வரலாற்றை அணுகுகிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த தனிவழி ஏற்பாடு, கட்டடத்தின் இருவேறு வரலாற்று அடுக்குகளை இருவேறு மக்கள்திரளுக்குப் பிரித்தளித்துள்ளது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஹாகியா சோபியா, பள்ளிவாசல், சுற்றுலா, மொசைக் ஓவியங்கள், நுழைவுரிமை.

முன்னுரை

பழமையான பள்ளிவாசல் ஒன்றைக் காணச் செல்வோர் புறப்படுமுன்பே சில செய்திகளை அறிந்துகொள்ள வேண்டியுள்ளது. தொழுகை நேரங்கள், வெள்ளிக்கிழமை நடைமுறை, உடை ஒழுங்கு, நுழைவாயில், கட்டணம் ஆகியன அவை. இவை பயணக் கையேட்டுக்குரிய சிறுசெய்திகளாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு கட்டடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அதனை என்னவாகக் கருதுகின்றனர் என்பதை இவ்விதிகள் தெளிவாகப் புலப்படுத்துகின்றன. அவ்வகையில் நுழைவு விதிகளும் வரலாற்றுச் சான்றுகளே.

ஹாகியா சோபியா இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியன் காலத்தில் 532ஆம் ஆண்டு தொடங்கி 537இல் கட்டி முடிக்கப்பட்ட இத்தேவாலயம், 1453இல் இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைப்பற்றியபின் பள்ளிவாசலாயிற்று. மக்காவின் திசையைக் காட்டும் மிஹ்ராப், உரை மேடையான மிம்பர், நான்கு மினாராக்கள் ஆகியன காலப்போக்கில் சேர்க்கப்பட்டன. மொசைக் ஓவியங்களிலிருந்த மனித உருவங்கள் ஒரே நாளில் மறைக்கப்படவில்லை. அவை படிப்படியாகவே சுண்ணப்பூச்சுக்குள் சென்றன. சுவீடன் நாட்டைச் சேர்ந்த கொர்னேலியஸ் லூஸ் 1710இல் வரைந்த உட்புறச் சித்திரங்களில் சில உருவங்கள் இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்று.

உதுமானியர் காலம்: ஆணையும் அன்பளிப்பும்

உதுமானியர் ஆட்சியில் முஸ்லிம் அல்லாதார் இப்பள்ளிவாசலுக்குள் நுழைவது எளிதாக இருக்கவில்லை. பிரித்தானியத் தூதரின் மனைவியான மேரி வோர்ட்லி மான்டகு 1718இல் எழுதிய கடிதம் இதனை விளக்குகிறது. அனுமதி வேண்டி அவர் நகர ஆளுநரிடம் மூன்று முறை ஆளனுப்ப நேர்ந்தது. அவ்வேண்டுகோள் மார்க்கச் சட்ட அறிஞர்களின் ஆய்வுக்குச் சென்று, சில நாள் கழித்தே இசைவு கிடைத்தது. உள்ளே சென்றபோது, கூரையிலிருந்து உதிர்ந்த மொசைக் துண்டுகள் ஒரு கைப்பிடி அளவு தமக்கு அளிக்கப்பட்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். அனுமதி அரிதாக இருந்த காலத்திலும் உள்ளே வந்தவருக்குக் கட்டடத்தின் ஒரு பகுதியையே நினைவுப்பொருளாகக் கொடுக்க முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. தொன்மைப் பாதுகாப்பு என்னும் கருத்து உருப்பெறாத சூழலை இது காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகளின் வருகை பெருகியபோது, ‘ஃபர்மான்’ எனப்படும் அரசாணை பெறுவது பயணத் திட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. அதற்கான செலவைப் பகிர்ந்துகொள்ளப் பயணிகள் குழுவாகச் சேர்ந்து சென்றனர். 1867இல் இந்நகருக்கு வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தம் குழுவினர் அரசாணை பெறாமல் ஆளுக்கு நான்கைந்து பிராங்க் கொடுத்து உள்ளே சென்றதாகவும், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே எனவும் எள்ளலாக எழுதியுள்ளார். அரசின் தனியுரிமையாக இருந்த அனுமதி கட்டணமாக உருமாறத் தொடங்கியதை அவ்வெள்ளல் பதிவு செய்துள்ளது.

நேரில் செல்ல இயலாதோரும் இக்காலத்தில் பார்வையாளர் ஆயினர். சுல்தான் அப்துல்மெஜித் ஆணைப்படி 1847 முதல் 1849 வரை நடைபெற்ற பெரும் பழுதுபார்ப்பைக் கஸ்பாரே, ஜுசெப்பே ஃபொசாட்டி சகோதரர்கள் மேற்கொண்டனர். அப்போது வெளிப்பட்ட மொசைக் ஓவியங்கள் படியெடுக்கப்பட்டு, உருவங்கள் மீண்டும் மூடப்பட்டன. கஸ்பாரே ஃபொசாட்டியின் படத்தொகுப்பு 1852இல் இலண்டனிலும், பிரஷ்ய நாட்டுக் கட்டடக்கலைஞர் வில்ஹெல்ம் சால்ட்சன்பெர்க்கின் நூல் 1854இல் பெர்லினிலும் வெளிவந்தன. பள்ளிவாசலுக்குள் நின்றவர் காண இயலாதவற்றுட் சிலவற்றை நூலைப் புரட்டியவர் கண்டார்.

அருங்காட்சியகக் காலம்: அனைவரும் பார்வையாளர்

தாமஸ் விட்டமோர் தலைமையில் அமெரிக்கப் பைசாந்தியக் கழகம் 1931இல் மொசைக் ஓவியங்களை வெளிக்கொணரும் பணியைத் தொடங்கியபோது கட்டடம் பள்ளிவாசலாகவே இருந்தது. 1934 நவம்பர் 24ஆம் நாளிட்ட அமைச்சரவை ஆணை அதனை அருங்காட்சியகமாக்கியது. 1935 பிப்ரவரி 1ஆம் நாள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முஸ்லிமும் கிறித்தவரும் சமயப் பற்றற்றவரும் அங்குப் பார்வையாளர் என்னும் ஒரே பெயரில் நுழைந்தனர்.

அச்சமநிலையும் விலையின்றி அமையவில்லை. தொழுகை நின்றது, தரைவிரிப்புகள் அகற்றப்பட்டன. முஸ்தபா இஸ்ஸத் எஃபெந்தியின் கையெழுத்தால் அமைந்த, ஏழு மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுடைய வட்டப் பலகைகளும் கீழிறக்கப்பட்டன. அவை கதவுகளைவிடப் பெரியனவாக இருந்தமையால் வெளியே கொண்டு செல்லப்படவில்லை. 1949இல் அவை மீண்டும் உரிய இடங்களில் தொங்கவிடப்பட்டன. அதன்பின் ஒரு பார்வையாளர் அரைக்குவிமாடத்தில் மரியன்னை, குழந்தை இயேசு உருவங்களையும், அவற்றின் இருபுறமும் அல்லாஹ், முஹம்மது எனும் பெயர்கள் பொறித்த பலகைகளையும் ஒரே பார்வையில் காண முடிந்தது. தரைத்தளம், மேல்மாடம் ஆகிய இரண்டும் ஒரே சீட்டில் அடங்கின. இக்கட்டடத்தை உள்ளடக்கிய இஸ்தான்புல் வரலாற்றுப் பகுதிகள் 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. 2019இல் இங்கு வந்தோர் எண்ணிக்கை சுமார் 37 இலட்சம்.

2020க்குப் பின்: இரு வழிகள்

1934ஆம் ஆண்டு ஆணையைத் துருக்கியின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2020 ஜூலை 10 அன்று செல்லாததாக்கியது. ஜூலை 24 அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை நடைபெற்றது. தரையில் விரிப்பு இடப்பட்டது. தொழுகையின்போது எதிரே தெரியும் மொசைக் உருவங்களை மறைக்கத் திரைகள் அமைக்கப்பட்டன. நுழைவுக் கட்டணம் நீங்கியது. மேல்மாடம் பார்வையாளர்க்கு மூடப்பட்டது. தொழுகையாளரும் சுற்றுலாப் பயணியரும் ஒரே தரைத்தளத்தில் நெருங்கினர். இந்நெரிசல் வழிபாட்டின் அமைதிக்கு மட்டுமன்றிக் கட்டடத்திற்கும் சுமையாயிற்று. 2022இல் பேரரசர் வாயிலின் பழமையான கதவு சேதமடைந்தது பரவலான கவலையை எழுப்பியது.

2024 ஜனவரி 15 முதல் வழிகள் பிரிக்கப்பட்டன. தொழுகைக்கு வருவோர் கட்டணமின்றித் தரைத்தளத்திற்குச் செல்கின்றனர். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியர் தனி வாயில் வழியாக, 25 யூரோ கட்டணத்தில் மேல்மாடத்திற்கு மட்டும் செல்கின்றனர். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையின்போது அவர்களுக்கு நுழைவு இல்லை.

இவ்வேற்பாட்டின் விளைவு நுட்பமானது. பார்வையாளர் செல்லும் மேல்மாடத்தில், கிறிஸ்துவை நடுவில் கொண்ட தேயிசிஸ் ஓவியம், பேரரசி சோயி, ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் உருவங்கள், இரண்டாம் ஜான் கொம்னெனோஸ், பேரரசி ஐரீன் உருவங்கள் ஆகியன உள்ளன. அவர் நடந்து செல்வது பெரும்பாலும் பைசாந்திய வரலாற்றின் ஊடாகவே. மிஹ்ராப், மிம்பர் முதலான உதுமானியச் சேர்க்கைகளை அவர் மேலிருந்து தொலைவிலேயே நோக்குகிறார். தொழுகையாளருக்கோ அச்சேர்க்கைகள் அருகில் அமைகின்றன. மேல்மாட ஓவியங்கள் அவர் வழியில் வருவதில்லை. ஒருவர் விலை கொடுத்துத் தேவாலயத்தின் எச்சங்களைக் காண்கிறார். மற்றவர் பள்ளிவாசலில் வழிபடுகிறார். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாக ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்த வரலாறு, மேல்தளம், கீழ்த்தளம் எனப் பிரிந்து நிற்கிறது.

இப்பிரிப்பிற்கு நியாயங்கள் உண்டு. வழிபாட்டிடம் காட்சிப்பொருளாவதை இது தடுக்கிறது. கட்டணம் பராமரிப்பிற்கு உதவக்கூடும். குவிமாடத்தை வலுப்படுத்தும் பணிகளும் பெருஞ்செலவைக் கோருவன. எனினும், நெரிசலைக் குறைப்பதற்கும் காட்சியைப் பிரிப்பதற்கும் வேறுபாடு உண்டு. தொழுகை இல்லாத குறித்த வேளைகளில் சிறு குழுக்களைத் தரைத்தளத்திற்கும், தொழுகையாளரை மேல்மாடத்திற்கும் அழைத்துச் செல்வது முதல் நோக்கத்திற்கு முரணாகாது. இரண்டாவது விளைவையும் அது தணிக்கும்.

முடிவுரை

ஹாகியா சோபியாவின் நுழைவு விதிகள் மூன்று நிலைகளைக் கடந்துள்ளன. உதுமானியர் காலத்தில் பார்வையாளர் அரசின் விருந்தினராகவோ சலுகை பெற்றவராகவோ இருந்தார். அருங்காட்சியகக் காலத்தில், தொழுகையாளர் இல்லாத நிலையில், அனைவரும் பார்வையாளராயினர். இன்று இரு சாராரும் உள்ளனர்; ஆனால் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு வரலாறுகளுக்குள் வழிநடத்தப்படுகின்றனர்.

ஆகவே, இங்குச் செல்லத் திட்டமிடுவோர் தொழுகை நேரத்தையும் கட்டணத்தையும் மட்டுமன்றி, தாம் செல்லும் வழி எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது விடுகிறது என்பதையும் முன்னறிதல் வேண்டும். ஃபொசாட்டி, சால்ட்சன்பெர்க் படங்களை முன்னரே காண்பது, கால் பதிக்க இயலாத தரைத்தளத்தை ஓரளவு ஈடுசெய்யும். வழிபாட்டிலுள்ள நினைவுச்சின்னங்களை ஆராய்வோர், கல்வெட்டு, கட்டட அமைப்பு ஆகியவற்றோடு நுழைவு விதிகளையும் சான்றாகக் கொள்வது பயன்தரும்.