காபி இலைத்துருப் பூஞ்சையும் சிங்கவால் குரங்கும்

ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப்படும் காபி இலைத்துருப் பூஞ்சை உயிருள்ள காபி இலைக்கு வெளியே வளராது. மக்காக்கா சைலினஸ் எனப்படும் சிங்கவால் குரங்கு, மரமுகடு அறாத பசுமைமாறாக் காட்டில்தான் தழைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் காடு தோட்டமானபோது பூஞ்சைக்கு வீடு பெருகியது, குரங்குக்குச் சுருங்கியது.

குரங்குக்கு 1758இல் லின்னேயஸ் பெயரிட்டார். ஐரோப்பிய நூல்கள் நெடுங்காலம் அதை இலங்கை விலங்காகவே எழுதிவந்தன. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. பூஞ்சையை அறிவியல் முதலில் அறிந்ததுதான் இலங்கையில். அங்கிருந்து வந்த நோயுற்ற இலைகளைக் கொண்டு 1869இல் ஆங்கிலப் பூஞ்சையியலாளர்கள் பெர்க்லியும் புரூமும் அதை விவரித்தனர். இருபது முப்பது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காபித் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன. தென்னிந்தியாவையும் நோய் விடவில்லை. மைசூர் சமஸ்தானத்தில் 1911இல் தேர்ந்தெடுத்த கெண்ட்ஸ் என்ற ரகம் சில காலம் தாக்குப்பிடித்துப் பின்பு அதுவும் துருவுக்கு இரையானது. ஏன் என்பது, சிக்கமகளூரு மாவட்டம் பாலேஹொன்னூரில் 1925இல் தொடங்கிய காபி ஆராய்ச்சி நிலையத்தில் விளங்கியது. ஒரே பூஞ்சைக்குள் வெவ்வேறு ரகங்களைத் தாக்கும் தனித்தனி உள்ளினங்கள் இருப்பதை 1930களில் வில்சன் மேயின் நிறுவினார். தாவர நோயியலுக்கு மைசூர் தந்த முக்கியமான கொடை இது.

துரு பிடித்த இலையின் அடிப்புறத்தை விரலால் தேய்த்தால் ஆரஞ்சுத் தூள் ஒட்டும். அதிலுள்ள வித்து நுண்ணோக்கியில் ஆரஞ்சுச் சுளையின் வடிவில், முதுகெல்லாம் முள்ளாக, வயிற்றுப்புறம் வழவழப்பாகத் தெரியும். ஈர இலையில் முளைத்து இலைத்துளை வழியே உட்புகும். சில வாரங்களில் அடுத்த தலைமுறை தயார். பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையைத் தெளித்தாலும் அடுத்த மழைக்குப் பிறகு மீண்டும் தலைகாட்டும். பெண் சிங்கவால் குரங்கோ ஐந்தாறு வயதுக்குப் பின்னரே முதல் குட்டியை ஈனும். அடுத்ததற்கும் ஆண்டுகள் ஆகும். காட்டின் மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் வேகம் அதற்கு இல்லை. முகடு அறுந்த இடத்தில் தரையிறங்கியே கடக்க வேண்டும். வால்பாறைச் சாலைகளில் அடிபட்டுச் சாவது இப்படித்தான்.

கர்நாடகத்தின் சிர்சி–ஹொன்னாவர் காடுகளில் வாழும் சிங்கவால் குரங்குகளின் பெருங்கூட்டத்தை மைசூரு பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் குமாராவும் ஆய்ந்து வெளிப்படுத்தினர். 2011இல் அங்கே அகநாசினி காப்பகம் அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் முதிர்ந்த சிங்கவால் குரங்குகள் இன்று சுமார் 2,500தான்.