ஒரு சுறாவின் எடை

தென்னாபிரிக்காவில் கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே சுமார் 120 கிலோமீற்றர் தொலைவில் ஹெர்மானஸ் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே ஒரு ரயில் நிலையம் உண்டு. தண்டவாளம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்கு ஊரார் சொல்லும் காரணம் மீன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாபிரிக்க ரயில்வேயின் பொது முகாமையாளராக இருந்தவர் சேர் வில்லியம் ஹோய். தூண்டில் பைத்தியம் பிடித்த மனிதர். விடுமுறை என்றால் ஹெர்மானஸ் பாறைகளில்தான் நிற்பார். ரயில் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் மீன் போய்விடும் என்று அவர் பயந்தார். கட்டடம் எழும்பிய பிறகும் பாதை போடவில்லை. 1930-இல் இறந்தபோது, அந்தக் கடலைப் பார்த்தபடி இருக்கும் குன்றிலேயே அவரைப் புதைத்தார்கள். குன்றுக்கும் அவர் பெயர்தான்.

கடற்கரை யாருக்குரியது என்ற கேள்விக்கு ஒரு மனிதர் தனக்குப் பிடித்த பதிலைச் சொல்லி, அதை ஒரு நாட்டின் ரயில் வரைபடத்திலேயே பதித்துவிட்டார். இந்தக் கட்டுரை ஒரு பெரிய சுறாவைப் பற்றியது. ஆனால் அந்தக் கேள்வி கடைசிவரை கூடவே வரும்.

ஹெர்மானஸின் பழைய துறைமுகத்துக்கு அருகே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1922 ஏப்ரலில் பில் செல்கர்க் என்ற உள்ளூர்க்காரர் அங்கே தூண்டிலில் ஒரு சுறாவைப் பிடித்தார். படகிலிருந்து அல்ல, கரைப் பாறையில் நின்று. ஐந்தரை மணி நேரப் போராட்டம். நீளம் 13 அடி 3 அங்குலம். எடை 2,176 இறாத்தல், இன்றைய கணக்கில் 987 கிலோ. அது ஒரு வெள்ளைச் சுறா.

இந்த எண்களின் பொருள் புரிய வேண்டுமானால் அன்றைய கருவிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நைலான் இன்னும் பிறக்கவில்லை. கயிறு என்பது ஆளி நாரில் முறுக்கிய நூல். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால் உக்கிப்போகும். கோல் மூங்கில். நூல் சுற்றும் சக்கரம் மரம். இழுவையைத் தானாகக் கட்டுப்படுத்தும் பொறிகள் அதில் கிடையாது. சுறா ஓடும்போது சக்கரத்தைக் கையாலோ தோல் துண்டாலோ அழுத்திப் பிடிப்பதுதான் தடை. விரல் போகும் வேலை. தூண்டில் முள்ளுக்கும் நூலுக்கும் நடுவே உருக்குக் கம்பி வேண்டும். பல்லுக்காக மட்டுமல்ல, தோலுக்காகவும்தான். சுறாத்தோல் அவ்வளவு சொரசொரப்பானது. ஒரு காலத்தில் தச்சர்கள் அதை உப்புத்தாளாகப் பயன்படுத்தினார்கள். வால் ஒருமுறை நூலில் உரசினால் எல்லாம் முடிந்தது.

படகில் இருப்பவர் மீனின் பின்னால் போகலாம். பாறையில் இருப்பவர் போக முடியாது. சக்கரத்தில் எத்தனை பாகம் நூல் இருக்கிறதோ அதுதான் அவருக்குக் கடல். சுறா ஒரு பாறையைச் சுற்றி வளைந்தால் நூல் அறும். அலை பெரிதாக வந்தால் மனிதனே கீழே போவான். களைத்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகும் நீண்ட கொக்கித்தடியோடு அலைவாய்க்கு இறங்க நாலு பேர் வேண்டும். ஆக, ஒருவர் பெயரில் பதிவாகும் இந்தச் சாதனையைத் தனி ஒருவர் செய்யவே முடியாது.

சாதனைப் பதிவுக்கும் ஆட்கள் வேண்டும். கரையில் பிடித்த சுறாவை ஊரே பார்க்கும். தராசு வரும், அளவுநாடா வரும், புகைப்படக்காரர் வருவார். தூண்டில் சாதனைகளுக்கு உலகப் பொது விதிகள் வகுத்த சர்வதேச அமைப்பு நியூயோர்க்கில் தோன்றியது 1939-இல்தான். 1959-இல் அவுஸ்திரேலியாவின் செடூனாவில் அல்ஃப் டீன் என்பவர் படகிலிருந்து பிடித்த 2,664 இறாத்தல் வெள்ளைச் சுறா அவர்களுடைய ஏட்டில் ஏறியது. செல்கர்க்கின் சுறாவுக்கு அந்த ஏடு இல்லை. அதற்குக் கிடைத்தது ஊரின் கண்ணும் ஒரு கல்லும்.

இனி அதே நாட்டின் கிழக்குக் கரைக்கு, இந்து சமுத்திரத்துக்குப் போகலாம். கரையிலிருந்து பெருஞ்சுறா பிடிக்கும் வித்தை ஹெர்மானஸைவிடப் பெரிதாக வளர்ந்தது டர்பனில். காரணம் திமிங்கிலம். 1908-இல் நோர்வேக்காரர்கள் டர்பனின் பிளஃப் மேட்டில் திமிங்கில ஆலை தொடங்கினார்கள். 1975 வரை அது நடந்தது. வேட்டையாடிய திமிங்கிலங்களைக் கப்பல்கள் இரத்தம் வடிய வடியத் துறைமுக வாய்க்கு இழுத்து வரும். அந்த வாசனையைப் பிடித்துச் சுறாக்களும் வரும். துறைமுக வாயில் கடலுக்குள் நீண்டிருக்கும் தெற்கு அலைதடுப்புச் சுவரில் தூண்டில்காரர்கள் காத்திருப்பார்கள். இரையும் திமிங்கில இறைச்சிதான். 1950களில் அந்தச் சுவரிலிருந்து ஆயிரம் இறாத்தலைத் தாண்டிய வெள்ளைச் சுறாக்கள் கரையேறின.

அதே துறைமுகத்தில் நம்மவர்களும் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் தங்கியவர்கள்மீது 1895 சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண் வரி போட்டது. அப்படித் தங்கியவர்கள் காய்கறித் தோட்டம் போட்டார்கள், கூடை சுமந்து விற்றார்கள். சிலர் கடலுக்குப் போனார்கள். டர்பன் விரிகுடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் அவர்களுடைய மீன்பிடிக் குடியிருப்பு எழுந்தது. அவர்கள் இழுத்தது கரைவலை. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நாகப்பட்டினத்திலும் இழுப்பது போலவே, வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு இரண்டு முனையையும் கரையில் நின்று இழுப்பது. ஜூன், ஜூலையில் மத்திப்படை கரையோரம் வரும்போது அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் நேட்டால் கடற்கரைகளில் இன்றும் வலை இழுக்கிறார்கள். மத்தியின் பின்னால் சுறாக்களும் வரும்.

அந்த வலைகளில் எத்தனை சுறா பட்டது, எவ்வளவு எடை என்று கல் எதுவும் சொல்லவில்லை. மீன்பிடி அங்கே வயிற்றுப்பாடு, விளையாட்டு அல்ல. சுறா கறிக்கும் புட்டுக்கும் உரியது. ஐந்தரை மணி நேரம் ஒரு மீனோடு மல்லுக்கட்ட ஓய்வு வேண்டும். ஒரு ரயில்வே முகாமையாளருக்கு அந்த ஓய்வு இருந்தது. வரிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவருக்கு இல்லை.

அந்தக் கரையும் கையில் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சாலிஸ்பரி தீவு கடற்படைத் தளத்துக்காக எடுக்கப்பட்டது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் இந்தியக் குடும்பங்களைக் கடலோரத்திலிருந்து விலகிய சட்ஸ்வொர்த் போன்ற புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பியது. 1953-இல் பொது வசதிகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. கடற்கரை மணலும் பலகை நட்டுப் பிரிக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் அதே கரையில் சுறாவைப் பற்றிய பயமும் உச்சத்துக்கு ஏறியது. டர்பன் நகரசபை 1952-இலேயே குளிக்கும் இடங்களுக்கு வெளியே வலை கட்டியிருந்தது. வலை இல்லாத தென்கரையில் 1957 டிசம்பரிலிருந்து 1958 ஏப்ரல் வரை குளித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுறாவுக்குப் பலியானார்கள். அந்த மாதங்களைக் கறுப்பு டிசம்பர் என்றார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் கூட்டங்கூட்டமாக ஊரைக் காலிசெய்தார்கள். அரசு ஒரு போர்க்கப்பலை அனுப்பி நீருக்கடியில் வெடிகுண்டுகள் போட்டது. சில சுறாக்கள் செத்தன. குண்டில் செத்து மிதந்த மீன்களைத் தின்ன இன்னும் பல சுறாக்கள் வந்து சேர்ந்தன. 1964-இல் சுறாத் தடுப்புக்கென்றே ஒரு வாரியம் அமைந்தது.

அந்த மண்ணில் ஒருவர் எந்தக் கடலில் கால் நனைக்கலாம் என்பதைச் சுறாவும் தீர்மானித்தது, சட்டமும் தீர்மானித்தது. சுறாவைத் தடுக்க வலை வந்தது. கடற்கரைகளில் இனப்பிரிவினை 1989 நவம்பர்வரை நீடித்தது. அந்த மாதம்தான் நாட்டின் கடற்கரைகள் எல்லா இனத்தவருக்கும் திறந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991-இல், தென்னாபிரிக்கா வெள்ளைச் சுறாவைக் கொல்வதைத் தடைசெய்தது. உலகில் முதலில் அப்படிச் செய்த நாடு அதுதான். செல்கர்க்குக்குக் கல் வாங்கித் தந்த செயல் இன்று அங்கே குற்றம்.

பாறையில் இழுத்த சுறாவை அப்படியே கடலில் தள்ளிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சுறாவுக்கு விலா எலும்புக்கூடு இல்லை. நீர்தான் அதன் உடலைத் தாங்குகிறது. கரையேறியதும் அதன் சொந்த எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். வெள்ளைச் சுறாவுக்கு மூச்சுவிட நீந்திக்கொண்டே இருக்க வேண்டும், நீர் வாய்வழி புகுந்து செவுள்வழி வெளியேற வேண்டும். மணிக்கணக்காகப் போராடிக் களைத்த சுறா தண்ணீருக்குத் திரும்பிய பிறகும் சாகலாம். செல்கர்க் வென்ற எடையே அந்தச் சுறாவுக்கு யமன்.

தூண்டில்காரர்களும் மாறினார்கள். டர்பனிலுள்ள கடலாய்வு நிறுவனம் 1984-இல் மீன்களுக்கு அடையாளமிடும் திட்டத்தைத் தொடங்கியது. பிடித்த மீனில் இலக்கமிட்ட குச்சி ஒன்றைச் செருகி விடுவிப்பார்கள். யாராவது மறுபடி பிடித்தால் அது எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு வளர்ந்தது என்று தெரியவரும். போட்டிகளிலும் இப்போது சுறாவைத் தராசில் தொங்கவிடுவதில்லை. நீளத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து எடையைக் கணக்கிடுகிறார்கள். கரையோரத் தூண்டில் டர்பன் இந்தியர்களின் பெரிய ஆசைகளில் ஒன்று. கரைவலை இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் ஓய்வுநாளில் கோலோடு பாறைக்குப் போகிறார்கள். விளையாட்டாகக் கடலுக்குப் போகும் உரிமை அவர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறை தாமதமாகக் கிடைத்தது.

ஹெர்மானஸ் இருக்கும் வாக்கர் விரிகுடாவுக்கு அப்பால் கான்ஸ்பாய் என்ற ஊர் இருக்கிறது. 1990களிலிருந்து வெள்ளைச் சுறாவை இரும்புக் கூண்டுக்குள் இறங்கிப் பார்ப்பதற்கு உலகமே அங்கே போனது. 2017-இல் அந்தக் கரையில் கல்லீரல் பிடுங்கப்பட்ட வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. வேட்டையாடியவை ஓர்க்கா திமிங்கிலங்கள். அதன்பின் அங்கே வெள்ளைச் சுறா மிக அரிதாகிவிட்டது. ஓர்க்காவுக்குப் பயந்து கிழக்கே போய்விட்டன என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். மீன்பிடியும் டர்பன் பக்கத்துச் சுறா வலைகளும் நெடுங்காலமாகக் கொன்றதற்கும் பங்குண்டு என்கிறார்கள் வேறு சிலர்.

சுறாவை நம் முன்னோர் வேறுவிதமாகவும் பார்த்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் இருப்பதாக வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்த வணக்கத்தில் எத்தனை அடி, எத்தனை இறாத்தல் என்ற கணக்கில்லை. அதை நட்டவரின் பெயரும் இல்லை. பிடித்து உண்டவர்களேதான் கும்பிட்டவர்களும்.

பிள்ளைகளோடு கேப் பக்கம் போகிறவர்கள் ஹெர்மானஸ் கல்லைப் பார்த்துவிட்டு வரலாம். எடையைப் படித்துக் காட்டலாம். பிறகு டர்பனுக்கும் போகலாம். கரைவலை இழுத்தவர்களின் தீவில் இப்போது கடற்படை இருக்கிறது, வாசலில் காவல் உண்டு. தீவும் இப்போது தீவு அல்ல, கடலைத் தூர்த்துக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே படித்துக் காட்டக் கல் இல்லாவிட்டால், இந்தக் கதையை நாம்தான் சொல்ல வேண்டும்.