வண்டிச் சக்கரத்தில் ஏற்றிய விளக்கு

பண்டிகைகள் யாவும் வீட்டை மையமாகக் கொண்டே நடப்பவை. தாய் சமைக்க, தந்தை புத்தாடை கொணர, உற்றார் கூடி மகிழ்வதையே நாம் பண்டிகை என்கின்றோம். ஆயின் வீடே இல்லாத குழந்தைக்குப் பண்டிகை யாது? ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணும் விடுதிகளின் சரித்திரத்தைப் படிப்போர்க்கு இவ்வினா எதிர்ப்படாமற் போகாது. அதற்குத் தன்னால் இயன்ற விடை கூறிய ஒரு விடுதியின் வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

டிசம்பர் மாதத்தில் கிறிஸ்தவர் இல்லங்களிலும் ஆலயங்களிலும் பசுந்தழை வளையமொன்றில் நான்கு மெழுகுவத்திகளை நாட்டி, ஞாயிறுதோறும் ஒன்று கூடுதலாக ஏற்றி வருவதை நம்மிற் பலர் கண்டிருப்பர். கிறிஸ்துமஸுக்கு முந்திய அந்நாட்களைத் திருவருகைக் காலம் என்பர். இவ்வழக்கம் ஆதிக் கிறிஸ்தவர் காலந்தொட்டு வருவதென எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. ஜெர்மனி தேசத்தில், ஹாம்பர்க் நகரையடுத்த ஹார்ன் என்னும் ஊரில், சிறுவர் விடுதி ஒன்றில், 1839ஆம் ஆண்டில் தோன்றியது அது.

அவ்விடுதியின் பெயர் ரௌஹெஸ் ஹௌஸ். அதனை நிறுவிய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் 1808ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரிற் பிறந்தவர். 15ஆம் பிராயத்திலேயே தந்தையை இழந்து, பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துக் குடும்பபாரத்தைத் தாங்கியவர். பின்னர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியராய் அந்நகரத்து ஏழைகளின் குடில்தோறும் சென்றபோது, பிச்சையெடுத்தும் களவாடியும் தெருவில் வளர்ந்த சிறுவர்களைக் கண்டார். அத்தகையோர்க்கு அக்காலத்தில் திறந்திருந்தவை சிறைச்சாலையும் ஏழையர் சாலையுமே. விக்கெர்ன் மூன்றாவது வழியொன்றைத் தேடினார். கார்ல் ஸீவெகிங் என்னும் நகரப் பிரமுகர் சிறு வீடொன்றையும் நிலத்தையும் உதவ, 1833ஆம் ஆண்டில் தம் தாயுடனும் சகோதரியுடனும் அங்குக் குடியேறினார். நவம்பர் மாதத்தில் முதற் சிறுவர்கள் வந்து சேர்ந்தனர்.

அவ்விடுதி நடந்த முறை கவனிக்கத்தக்கது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து வைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. 12 பேரளவில் ஒரு குடும்பமாக வகுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூத்த சகோதரரைத் துணை வைத்து, தனித்தனி வீடுகளில் வாழச் செய்தார். வீட்டைச் சூழ்ந்திருந்த மண்மேட்டை அகற்றுவதே சிறுவர்களுக்கு இடப்பட்ட முதல் வேலைகளுள் ஒன்று. சிறைச்சுவரை ஒத்ததை அவர்கள் கையாலேயே தகர்க்கச் செய்ததில் ஆழ்ந்த கருத்திருந்தது. விடுதிக்குள் வரும் பிள்ளையின் பழைய குற்றங்களை யாரும் எடுத்துப் பேசலாகாதென்பதும் அங்கு விதி.

இப்பிள்ளைகள் டிசம்பர் வந்ததும் நாள்தோறும் விக்கெர்னைச் சூழ்ந்துகொண்டு, கிறிஸ்துமஸ் இன்றா, நாளையா என்று கேட்பராம். நாட்காட்டியைச் சுட்டிக்காட்டினால் சிறு குழந்தைக்கு என்ன விளங்கும்? ஆகவே பழைய வண்டிச் சக்கரமொன்றை எடுத்து, மெழுகுவத்திகளை அதன்மேற் பொருத்திப் பிரார்த்தனைக் கூடத்தில் தொங்கவிட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வத்திகள் 4. ஏனைய நாட்களுக்குச் சிறிய சிவப்பு வத்திகள். 1839ஆம் ஆண்டில் டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாயிருந்தது. 24ஆம் தேதி மாலைவரை கணக்கிட்டால் 4 பெரியவும் 20 சிறியவுமாகும். நாளொன்றுக்கு ஒரு வத்தி ஏற்றப்பட்டது. பிள்ளைகள் கூடிப் பாடினர். ஒளி பெருகப் பெருகப் பண்டிகை நெருங்குவதை அவர்கள் கண்ணாலேயே எண்ணினர்.

1860ஆம் ஆண்டையொட்டிப் பசுந்தழை சூட்டும் வழக்கம் சேர்ந்தது. வீடுகளுக்கு ஏற்ப வளையம் சிறுத்து, வத்திகள் நான்காயின. 1925ஆம் ஆண்டில் கொலோன் நகரத்துக் கத்தோலிக்க ஆலயமொன்றிலும் அது தொங்கிற்று. பின்னர்க் கடல்கடந்தும் பரவிற்று. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக் குண்டுவீச்சில் விடுதிக் கட்டடங்களிற் பெரும்பாலானவை அழிந்தன. ஆயினும் அது மீண்டும் எழுந்து இன்றும் தொண்டு செய்து வருகின்றது.

இங்கே ஒன்றை ஒப்புநோக்க வேண்டும். இலண்டன் மாநகரில் தாமஸ் கோரம் என்னும் கப்பலோட்டி 1739ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென விடுதி நிறுவினார். அது எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. அதனை இகழ்வது நம் நோக்கமன்று. எனினும் பிற்காலத்தில் ஞாயிறுதோறும் சீமான்களும் சீமாட்டிகளும் அங்குத் திரண்டு, பிள்ளைகள் பாடுவதைக் கேட்டபின் அவர்கள் உணவருந்துவதையும் நின்று பார்த்துச் செல்வது வழக்கமாயிற்று. அவர்கள் தந்த பொருளால் பிள்ளையின் பசி தீர்ந்தது. ஆனால் பிள்ளை காட்சிப்பொருளாயிற்று. ஹார்ன் ஊரில் ஏற்றிய விளக்கோ பார்வையாளருக்காக ஏற்றியதன்று. காத்திருந்த பிள்ளையின் கேள்விக்கு விடையாக ஏற்றியது.

விக்கெர்னிடம் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஏழையின் துன்பத்துக்குப் பக்திக் குறைவே மூலகாரணமென அவர் பெரிதும் நம்பினார். கூலிக் குறைவைப் பற்றி ஏன் அவ்வளவு உரத்துப் பேசவில்லையென்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் ஒரு குழந்தையின் கேள்வியை அற்பமென்று தள்ளாதவர் அவர்.

தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு நாட்களை எண்ணுவதே பிழைப்பு. செக்ரோலில் முழுப் பேர், அரைப் பேர் என்று எண்ணுகின்றோம். ஒரு டிசம்பரில், அன்பளிப்பு வழங்கச் சென்ற கூட்டத்தோடு சிறுவர் இல்லமொன்றுக்கு நாமும் சென்றோம். பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் பொறுப்பு நம்முடையதாயிற்று. பிள்ளைகள் வரிசையில் நின்றனர், பொட்டலம் வாங்கினர், நன்றி கூறினர், படம் பிடிக்கப்பட்டது. ஒரு சிறுவன் மட்டும் பொட்டலத்தைப் பிரியாமல், “ஐயா, மறுபடியும் எப்போது வருவீர்கள்?” என்று கேட்டான். நாட்கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாம் அவனுக்குச் சொல்ல ஒரு தேதியில்லாமல் நின்றோம்.

அவ்வெட்கத்தினாலேயே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம். சிறுவர் இல்லங்களுக்குப் பண்டிகை கொண்டுபோகும் அன்பர்களே! கொடுப்பதைக் கொடுங்கள். விளக்கைப் பிள்ளைகள் கையாலேயே ஏற்றச் செய்யுங்கள். அவர்கள் உண்ணும்போது நின்று பார்க்காமல், உடன் அமர்ந்து உண்ணுங்கள். புறப்படுமுன் மீண்டும் வரும் நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் தவறாது செல்லுங்கள்.