புதிய விமானிகளின் பறப்பு அனுபவமும் ஆயத்தமும்

பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரும் ஒருவர் அதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார், அந்த மணிகளில் எதைக் கற்றிருக்கிறார் என்பவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு லாக் புக்கில் விடை கிடைக்கும். இரண்டாவதற்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். மதுரை மாவட்டத்தின் எழுமலையிலோ உசிலம்பட்டியிலோ பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறிய ஒருவர் வணிக விமானி உரிமம் பெற, 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும்; வான்வழிச் சட்டம், வழிகாணல், வானிலை முதலிய தாள்களில் தேற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பு விமானியாக இருந்திருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத நெடும்பயணம் ஒன்றில் வழியில் இரு வேறு நிலையங்களில் இறங்கி எழும்பியிருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு பறப்புப் பள்ளிக்கும் வெளிநாடுகளுக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் செல்கின்றனர். பயிற்சிப் பள்ளிகளுக்கென இந்திய விமான நிலைய ஆணையம் 2022-இல் தேர்ந்த நிலையங்களில் சேலமும் ஒன்று.

இந்த 200 மணியில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில் கழிகிறது. அதன் எடை ஒரு டன்னுக்குச் சற்றே மேல். அடுத்து அவர் ஏறப்போகும் ஏர்பஸ் ஏ320 புறப்படும்போது 78 டன் வரை இருக்கும். தரையிறங்க நெருங்கும் வேகமே மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டியது. இடைவெளியை நிரப்புவது டைப் ரேட்டிங் என்னும் அந்தந்த விமானத்துக்கான பயிற்சி. அதன் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கும். பிறகு பயிற்சி கேப்டன் பக்கத்தில் இருக்க, பயணிகளோடு பறக்கும் மேற்பார்வைக் காலம். அது முடிந்து தேர்விலும் தேறிய பின்னரே சாதாரணக் கேப்டனோடு அவரை அனுப்பலாம். உண்மையான ஆயத்தம் உருவாவது இந்தக் கட்டத்தில்தான். அதைச் சுருக்குவது ஆபத்து.

மணிக்கணக்கு ஏமாற்றுக்கும் இடம் தருகிறது. பறக்காத நேரத்தைப் பேனாவால் எழுதிச் சேர்ப்பதை, பார்க்கர் பேனாவின் பெயரால் ‘பி-51 மணி’ என்று விமானிகள் சொல்வார்கள். 2011-இல் முன் சக்கரம் முதலில் தரையில் படும்படி விமானத்தை இறக்கிய ஒருவரைப் பற்றி விசாரித்தபோது, உரிமத்துக்காக அவர் தந்த மதிப்பெண் சான்றிதழ் போலி எனத் தெரிந்தது. தொடர்ந்து ராஜஸ்தானில் ஒரு பள்ளியின் பறப்புப் பதிவேடுகளில் பொய் மணிகள் இருந்ததும் வெளிவந்து, கைதுகள் நடந்தன.

அமெரிக்கா எண்ணிக்கையை உயர்த்தியது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், துணை விமானிக்கும் 1,500 மணி தேவை என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த விமானத்தின் கேப்டன் 3,000 மணிக்கும் மேல் பறந்தவர். துணை விமானியும் 2,000 மணியைக் கடந்தவர். புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவருமே அதில் தேறியிருப்பார்கள். விமானம் வேகம் இழந்து தடுமாறியபோது கேப்டனின் எதிர்வினை தவறாக அமைந்ததே விபத்துக்குக் காரணம்.

நம் நாட்டு விபத்துகள் வேறொரு குறையைக் காட்டுகின்றன. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்து 158 பேர் இறந்தனர். இறக்கம் சீராக இல்லை, மறுபடி மேலே எழும்பலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறங்குவதில் பிடிவாதமாக இருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையின் பாதியைத் தாண்டியே தரை தொட்டு, 21 உயிர்களைப் பலிகொண்டது. ‘கோ அரவுண்ட்’, அதாவது மறுபடி மேலே எழும்பலாம், என்று துணை விமானி சொல்லியிருந்தார். சொன்னதோடு நில்லாமல் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்து விமானத்தை எழுப்பாததையும் விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. பத்தாயிரம் மணி பறந்த மூத்தவரிடமிருந்து சில நொடிகளில் பொறுப்பைப் பறிக்கும் துணிவை எந்த மணிக்கணக்கும் அளப்பதில்லை. வயதுக்கும் பதவிக்கும் மரியாதை தந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைத் தனியே, திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்க வேண்டும்.

மதுரைக்கு வரும் புதியவருக்கு நிலமும் வானிலையும் கூடுதல் பாடங்கள். எழுமலை வரை சமவெளி. அதற்கு மேற்கே ஆண்டிபட்டி, வருசநாட்டு மலைகள், அப்பால் மேகமலை. 1971 டிசம்பர் 9 அன்று மதுரைக்கு இறங்கிவந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஹெச்எஸ்-748 விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதி, 31 பேரில் 21 பேர் இறந்தனர். பகல்தான், ஆனால் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. சித்திரை வைகாசியில் பிற்பகல் இடிமேகங்கள், ஆடியில் மலை இடைவெளிகளின் வழியே வரும் பலத்த காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. வறண்ட, தெளிந்த வானத்தில் பயிற்சி பெற்றவருக்கு இவை பழக்கமில்லாதவை. மதுரை ஓடுபாதையின் நீளம் சுமார் 2,285 மீட்டர். ஈரத்தில் தாமதமாகத் தரை தொட்டால் மிச்சம் இருக்கும் தூரம் விரைவாகக் குறையும்.

விதிகள் மீறப்படுவதும் உண்டு. 2022 ஏப்ரலில் போயிங் 737 மேக்ஸ் பயிற்சி சரியில்லை என்று ஸ்பைஸ்ஜெட்டின் 90 விமானிகளை அந்த விமானத்தில் பறக்க டிஜிசிஏ தடுத்தது. 2024 ஜூலையில் ஏர் இந்தியா, மேற்பார்வைக் காலம் முடியாத துணை விமானி ஒருவரைப் பயிற்சி கேப்டன் அல்லாதவரோடு மும்பையிலிருந்து ரியாத்துக்கு அனுப்பியது. அடுத்த மாதம் நிறுவனத்துக்கு 90 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இயக்கப் பிரிவு, பயிற்சிப் பிரிவுத் தலைவர்களுக்கும் தனித்தனியே அபராதம் விதிக்கப்பட்டது.