பிறர் பொருளும் வழக்கறிஞர் நாணயமும்

பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிக் காத்தலே வாணிகர்க்கு அழகு என்பது வள்ளுவர் நெறி. 'தம் பொருள்போல்' என்பதைத் 'தம் பொருளாகவே' என்று கொள்வார் கையில் அந்நெறி என்னவாகும்? இங்கிலாந்து வழக்கறிஞர் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

வீடு வாங்குவோர் செலுத்தும் தொகையும் இறந்தவர் விட்டுச் சென்ற செல்வமும் அங்கே சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்படுவது வழக்கம். அப்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இல்லை. முறையீடுகளை விசாரிக்க 1888 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குழுவை அமைத்தது. எனினும் பெயரை நீக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமே இருந்தது.

இந்நிலையில் வேலியே பயிரை மேய்ந்தது. சொலிசிட்டர் சங்கத்தின் தலைவராக விளங்கிய பெஞ்சமின் கிரீன் லேக் 1900 இல் நொடித்துப் போனார். கட்சிக்காரர் பணத்தைக் கையாடிய குற்றத்திற்காக 1901 இல் சிறை சென்றார். தொழிலின் தலைமகனே தவறினால், நற்பெயர் மட்டும் காவலாகுமா?

சீர்திருத்தம் மெல்லவே வந்தது. 1919 இல் ஒழுங்குக் குழுவே பெயரை நீக்கும் உரிமை பெற்றது. கட்சிக்காரர் பணத்திற்குத் தனிக் கணக்கு வேண்டும் என்னும் விதி, 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1935 இல்தான் பிறந்தது. லேக் சிறை சென்று அதற்குள் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன! ஆண்டுதோறும் கணக்காய்வும், பணம் இழந்தோர்க்கு ஈட்டுநிதியும் 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தன.

தண்டனையின் நோக்கத்தை 1993 இல் நீதிபதி தாமஸ் பிங்ஹாம் தெளிவுறுத்தினார். தவறியவரை வருத்துவது அதன் தலையாய நோக்கமன்று. தொழிலின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையைக் காப்பதே அதன் உயிர்நாடி. ஆதலால், வஞ்சம் உறுதியானால், இரக்கத்திற்குரிய காரணங்கள் இருப்பினும் பெயர் நீக்கமே பெரும்பாலும் முடிவாகும் என்றார் அவர்.

அதே சட்ட மரபில் வளர்ந்த சிங்கப்பூரும் இப்பாடத்தைப் பட்டறிவால் கற்றது. கட்சிக்காரர் பணத்துடன் வழக்கறிஞர் சிலர் தலைமறைவாயினர். அதன்பின், 2011 ஆகஸ்டு முதல், வீட்டு விற்பனைப் பணத்தை வழக்கறிஞர் தம் வழக்கமான கட்சிக்காரர் கணக்கில் வைத்திருத்தல் ஆகாது எனச் சட்டம் தடுத்தது.

'நாணயம்' என்னும் ஒரே சொல் தமிழில் காசையும் நேர்மையையும் குறிக்கும். முதலாவதைப் பிறருக்காகக் கையில் ஏந்துவோரிடம் இரண்டாவது இருந்தே தீரவேண்டும். அதைக் குணத்திடம் மட்டும் விட்டுவைக்கலாகாது, கணக்கும் காக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.