சபரர் ஊரில் வேடன் வேடம்

இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்து 1889இல் உருவான இலங்கை மாகாணம் சப்ரகமுவ. ‘கமுவ’ என்பது ஊர். ‘சபர’ என்பது வடமொழியில் காட்டு வேடர். வேடர் ஊர் என்றே இப்பெயருக்குப் பொருள் சொல்வது வழக்கம்.

சபரர் பழைய பெயர். ஐதரேய பிராமணம் அவர்களை ஆந்திரரோடும் புலிந்தரோடும் சேர்த்து, எல்லைக்கு அப்பால் வாழ்வோராக எண்ணுகிறது. தமிழில் அது சவரர். கம்பனின் சவரி அந்தக் குலத்தவள். ஒடிசாவில் அந்தப் பெயர் கொண்ட மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். மகாவம்சமோ, விசயனுக்கும் குவேனிக்கும் பிறந்த பிள்ளைகள் சிவனொளிபாதமலைப் பக்கம் ஓடிப்போய், அவர்கள் வழியில் புலிந்தர் தோன்றியதாகச் சொல்லும். சபரர், புலிந்தர், கிராதர் எல்லாமே நாட்டில் இருந்தவர் காட்டில் இருந்தவரைச் சுட்டிய பெயர்கள். இளக்காரம் அவற்றில் ஒட்டியே வந்தது.

அந்த இளக்காரத்தைக் கலை கவிழ்த்துப் போட்டது. ஆறாம் நூற்றாண்டில் பாரவி பாடிய கிராதார்ச்சுனீயத்தில் கிராதன் சிவனே. அதே கதைதான் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கரோடு ஆடப்பட்டு வந்த அருச்சுனன் தபசு. பாசுபத அத்திரம் வேண்டித் தவம் இருப்பவனைக் கொல்ல மூகாசுரன் பன்றியாய் வருகிறான். அருச்சுனன் அம்பும் வேடன் அம்பும் ஒன்றாய்ப் பாய்கின்றன. யார் அம்பு முதலில் பட்டது, பன்றி யாருக்கு? வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் போடும் சண்டைதான் இது. இளவரசன் சாதி பேசுகிறான், வேடன் அசைவதில்லை. வில்லாலேயே அவனை அடித்தும் தோற்கிறான் அருச்சுனன்.

வேடன் தமிழ் வேட்டையோடு உறவுடையவன். வேடமோ வடமொழி வேஷத்தின் வழி வந்தது. வேர் வேறானாலும் கூத்தில் இரண்டும் ஒரே உடம்பில் ஏறிக்கொள்கின்றன.

எல்லாக் கூத்திலும் வேடன் கடவுளாவதில்லை. பொன்னர் சங்கரிலும் பன்றி உண்டு, கொம்பன் என்று பெயர்; ஆனால் அங்கே வேட்டுவர் பகைவர். கதையை யார் பக்கம் நின்று சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வேடன் என்ற சொல்லின் மதிப்பு ஏறி இறங்குகிறது.

‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த மலையகத்தவர்களுக்கு இது புதிதல்ல. காட்டான் என்று ஏசப்பட்டவன் அருச்சுனனை மண்ணில் வீழ்த்தும் கட்டத்தைத் தங்கள் கூத்தாக வைத்துக்கொண்டதில் பக்தி மட்டும் இல்லை, ஒரு கணக்குத் தீர்ப்பும் இருக்கிறது.